ஒரே டிரான்சிஸ்டரில் கிட்டார் பூஸ்டர்: நம்பரை விடுங்கள், மீட்டரை எடுங்கள்

தோட்டத்துத் திருவிழாவில் தப்புக் குழுவுக்குப் பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்தவர்களுக்குத் தெரியும். கோர்ட் அடிக்கும்வரை எல்லாம் சரியாக இருக்கும். லீட் வாசிக்கும் இடம் வந்தால் கிட்டார் இருக்கிற இடமே தெரியாது. கிட்டாரின் வொல்யூமை ஏற்கெனவே முழுக்கத் திருகியிருப்போம், அம்ப் எங்கோ மேடைக்குப் பின்னால் கிடக்கும். அந்த நேரத்தில் காலால் ஒரு தட்டுத் தட்டிச் சத்தத்தைக் கூட்டுவதற்குத்தான் பூஸ்டர். உள்ளே இருப்பது ஒரு டிரான்சிஸ்டர், ஐந்தாறு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், ஒரு வொல்யூம் கொன்ட்ரோல். பெடலாக வாங்கினால் கொடுக்கும் காசுக்கு இந்தச் சாமான்களை ஒரு பை நிறைய வாங்கலாம்.

நான் ஹட்டன் பக்கம் ரேடியோ, டிவி திருத்துகிறவன். கல்யாண வீடு, திருவிழா என்று யாராவது கூப்பிட்டால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போவேன். கடைக்கு வரும் பையன்கள் யூடியூப்பில் பார்த்த ஏதோ ஒரு நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து, "அண்ணே, பூஸ்டருக்கு இந்த டிரான்சிஸ்டர்தானே நல்லது?" என்று கேட்பார்கள். "நம்பரை விடு தம்பி, மீட்டர் இருக்கா?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். சத்தம் நன்றாக வருவதும் வராமல் போவதும் டிரான்சிஸ்டரின் மூன்று கால்களான கலெக்டர், பேஸ், எமிட்டரில் கலெக்டர் காலில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. அந்த ஒரு அளவைச் சரியாக வைக்கத் தெரிந்தால், பழைய ரேடியோவில் கழற்றிய டிரான்சிஸ்டரும் போதும்.

சுற்று எங்கள் கண்டுபிடிப்பில்லை. 1960களின் கடைசியில் நியூயோர்க்கில் மைக் மேத்யூஸின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கம்பனி எல்பிபி-1 என்ற சின்னப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. வடிவமைத்தவர் ரொபர்ட் மையர். அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் கையால் பூஸ்டர் செய்கிறவர்கள் முதலில் செய்து பழகுவது இதைத்தான். எலக்ட்ரோனிக்ஸ் படித்தவர்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள், பாடப்புத்தகத்தில் வரும் கொமன் எமிட்டர் சுற்று.

முதலில் சாமான்கள். ரெசிஸ்டர்களில் 470 கே (மஞ்சள், ஊதா, மஞ்சள்), 47 கே (மஞ்சள், ஊதா, செம்மஞ்சள்), 10 கே (பழுப்பு, கறுப்பு, செம்மஞ்சள்), 390 ஓம் (செம்மஞ்சள், வெள்ளை, பழுப்பு), 1 மெக் (பழுப்பு, கறுப்பு, பச்சை) ஒவ்வொன்று. 0.1 மைக்ரோ கெப்பாசிட்டர் இரண்டு, மேலே 104 என்று அச்சிட்டிருக்கும். 100 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக் ஒன்று, 16 வோல்ட்டோ 25 வோல்ட்டோ எதுவானாலும் சரி. 100 கே வொல்யூம் கொன்ட்ரோல் ஒன்று. ஏ100கே என்று போட்டிருந்தால் நல்லது, பி100கே மட்டும்தான் இருக்கிறது என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள், திருகும்போது சத்தம் ஏறும் விதம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். டிரான்சிஸ்டர் என்பிஎன் சிலிக்கன் வகையாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கினால் பிசி547 கேளுங்கள், கடைசி எழுத்து பி அல்லது சி ஆக இருக்கட்டும். கெயின், அதாவது மின்னோட்டத்தைப் பெருக்கும் அளவு, ஏ வகையில் 110 முதல் 220, பி வகையில் 200 முதல் 450, சி வகையில் 420 முதல் 800 வரை இருக்கும். பழைய ஜப்பான் ரேடியோ, கசெட் செட் கிடைத்தால் அதிலுள்ள சி945, சி1815, சி828 எல்லாமே இந்த வேலைக்குப் பொருந்தும். நமது ஊர்க் கடைகளில் இல்லாததைக் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொன்னால், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி வந்து தருவார்கள்.

கழற்றிய டிரான்சிஸ்டரின் கால்கள் எது எது என்று தெரியாமல் ஈயத்தைத் தொடாதீர்கள். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், பிசி547-இல் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். சி945, சி1815, சி828 ஜப்பான் வகைகளில் எமிட்டர், கலெக்டர், பேஸ். எழுத்து அழிந்து போயிருந்தால் மீட்டரை டயோட் நிலைக்கு மாற்றுங்கள். சிவப்பு முனையை ஒரு காலில் வைத்துக் கறுப்பை மற்ற இரண்டிலும் மாறி மாறித் தொடுங்கள். இரண்டிலும் 0.6 அல்லது 0.7 என்று காட்டினால் சிவப்பு நிற்பது பேஸ். அந்த இரண்டு எண்களையும் மூன்றாம் இலக்கம்வரை கவனியுங்கள். ஒன்று 0.668 என்றால் மற்றது 0.673 என்று இருக்கும், கொஞ்சம் கூடக் காட்டுவது எமிட்டர். கையால் டிரான்சிஸ்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள், கைச்சூட்டிலேயே எண் இறங்கும்.

வெரோபோர்டில் (துளைகளும் செப்புப் பட்டைகளும் உள்ள சுற்றுப் பலகை) ஏழு செப்புப் பட்டை இருக்கும்படி ஒரு துண்டை வெட்டிக்கொள்ளுங்கள், நீளம் பத்துத் துளை இருந்தால் தாராளம். பட்டை எதையும் நடுவில் அறுக்கத் தேவையில்லாத மாதிரி வரிசையைச் சொல்கிறேன். மேலிருந்து முதல் பட்டை வெளியே போகும் சத்தம், இரண்டாவது 9 வோல்ட், மூன்றாவது கலெக்டர், நான்காவது பேஸ், ஐந்தாவது எமிட்டர், ஆறாவது ஏர்த் (பேட்டரியின் மைனஸ் பக்கம்), ஏழாவது கிட்டாரிலிருந்து உள்ளே வருவது. பிசி547-இன் மூன்று கால்களும் மூன்று, நான்கு, ஐந்தாம் பட்டைகளில் நேராக இறங்கும். ஜப்பான் வகை என்றால் காலை மடக்கிக் குறுக்கே கொண்டுபோக வேண்டும், அதற்கு மெல்லிய வயரின் உறையை உருவி ஒரு காலுக்கு மாட்டிவிடுங்கள்.

இனி எல்லாமே இரண்டு பட்டைகளுக்கு இடையே நிற்பவைதான். 10 கே, இரண்டுக்கும் மூன்றுக்கும். 470 கே, இரண்டுக்கும் நான்குக்கும். 47 கே, நான்குக்கும் ஆறுக்கும். 390 ஓம், ஐந்துக்கும் ஆறுக்கும். முதல் 104 கெப்பாசிட்டர் நான்குக்கும் ஏழுக்கும், இரண்டாவது ஒன்றுக்கும் மூன்றுக்கும். 1 மெக், ஆறுக்கும் ஏழுக்கும். சுவிட்சைத் தட்டும்போது 'டப்' என்று வரும் சத்தத்தைக் குறைப்பது இதுதான். 100 மைக்ரோவின் பிளஸ் கால் இரண்டிலும் மைனஸ் கால் ஆறிலும். ரெசிஸ்டர்களைப் படுக்கவைக்க இடமில்லை, நிற்கவைத்து ஒரு காலை வளைத்து இறக்குங்கள்.

முதல் பட்டையிலிருந்து வரும் வயர் வொல்யூம் கொன்ட்ரோலுக்குப் போகிறது. தண்டு உங்களை நோக்கி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் வலது கால் அந்த வயருக்கு, இடது கால் ஏர்த்துக்கு, நடுக்கால் வெளியே போகும் ஜெக்குக்கு.

இப்போது பெட்டியில் போட அவசரப்படாதீர்கள். புது 9 வோல்ட் பேட்டரியைப் பொருத்துங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பை ஆறாம் பட்டையில், சிவப்பை மூன்றாம் பட்டையில் வையுங்கள். 4-க்கும் 5-க்கும் இடையில் நின்றால் முக்கால்வாசி வேலை முடிந்தது. கிட்டாரின் அலை மேலேயும் கீழேயும் ஆட வேண்டும். மேலே 9 வோல்ட் கூரை, கீழே கிட்டத்தட்ட பூச்சியம் தரை. நடுவில் நின்றால்தான் இரண்டு பக்கமும் ஆட இடம் கிடைக்கும்.

8 அல்லது 9 காட்டினால் டிரான்சிஸ்டர் திறக்கவேயில்லை. 470 கே-யின் ஈயம் பிடிக்கவில்லையா, பேஸ் கால் வேறு பட்டையில் இறங்கிவிட்டதா, கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறிவிட்டனவா என்று பாருங்கள். அரை வோல்ட் அளவுக்குக் கீழே கிடந்தால் முழுக்கத் திறந்து கிடக்கிறது, பெரும்பாலும் 47 கே-யின் ஒரு கால் ஒட்டியிருக்காது. 7 அல்லது 2 என்று காட்டினால் பிழை எதுவும் இல்லை, அந்த டிரான்சிஸ்டருக்கு 47 கே பொருந்தவில்லை என்று அர்த்தம். இந்தச் சுற்று அந்த ஒரு ரெசிஸ்டரில் மிகவும் ரோசக்காரன். 47 கே-ஐ 56 கே ஆக்கினால் கலெக்டர் மளமளவென்று 2 வோல்ட் பக்கம் இறங்கிவிடும், 39 கே ஆக்கினால் 7 வரை ஏறிவிடும். அதனால் ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதைவிட, 47 கே இடத்தில் ஒரு 33 கே-யும் அதோடு தொடராக ஒரு 20 கே பிரீசெட்டும் (திருப்பி மதிப்பை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) போடுங்கள். மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூட்ரைவரால் மெதுவாகத் திருப்பி 4.5-இல் நிறுத்துங்கள்.

மலையில் இருக்கிறவர்களுக்கு இங்கே ஒரு விஷயம். சிலிக்கன் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலான வோல்ட் ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் மாறும். கொழும்பில் 30 பாகையில் 4.3 என்று வைத்துக் கொண்டுவந்த பெட்டி, நுவரெலியாவில் 15 பாகை இரவில் கிட்டத்தட்ட 5-ஐக் காட்டும். கணக்குப் போட்டால் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வருகிறது. அது ஓடாமல் போகாது, ஆனால் பேட்டரி பாதி தீர்ந்திருந்தால் பிரச்சினைதான். பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கும்போது இந்தச் சுற்று கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். குளிரும் சேர்ந்துவிட்டால் இன்னும் முன்னதாகவே சத்தம் மெலிந்து, மெதுவாக மீட்டும் நோட்டுகள் விட்டுவிட்டு வரும். அதனால் பிரீசெட்டை எங்கே வாசிக்கப் போகிறீர்களோ அந்தக் குளிரில் வைத்துத் திருப்புங்கள். மடுல்சீமையில் இருக்கிறவர் பதுளை டவுன் வெயிலில் வைத்துச் சரிபார்த்தால் போதாது.

ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் பற்றிக் கேட்பார்கள். 1960களில் இங்கிலாந்தில் வந்த டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற பூஸ்டரில் ஓசி44 என்ற ஜெர்மேனியம் இருந்தது. ரோரி கலகர், பிரையன் மே, டோனி அயோமி என்ற பெரிய ரொக் கிட்டார்க்காரர்கள் எல்லாரும் அந்த வகைப் பெட்டியோடு வாசித்தவர்கள். பெயர் பெரிதுதான். ஆனால் ஜெர்மேனியத்தின் கசிவு மின்னோட்டம் வெப்பம் 10 பாகை கூடினால் சுமார் இரண்டு மடங்காகும். கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் அது மூன்று மடங்கு அளவுக்குப் போய் வரும். பழைய சாமான் என்று விற்பதில் கசிவு கூடியதும் போலியும் நிறையக் கலந்திருக்கிறது. முதல் பெட்டிக்கு அதில் காசைப் போடாதீர்கள்.

ரேஞ்ச்மாஸ்டரில் உண்மையில் காது பிடிப்பது டிரான்சிஸ்டர் மட்டுமில்லை, உள்ளே வரும் கெப்பாசிட்டர் சின்னது என்பதும்தான். இதை நம் சுற்றிலும் செய்யலாம். நான்காம் பட்டைக்குப் போகும் 104, நம் சுற்றின் உள்தடையோடு (கிட்டார் பக்கமிருந்து பார்க்கும்போது சுற்று காட்டும் தடை) சேர்ந்து 50 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டும். கிட்டாரின் தடித்த ஆறாவது தந்தி 82 ஹெர்ட்ஸ் என்பதால் முழுச் சத்தமும் ஏறும். அதே இடத்தில் 223 போட்டால் வெட்டு 220 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், 103 போட்டால் 500, 472 போட்டால் 1000. தப்புச் சத்தம் கீழ்ப்பக்கத்தை நிரப்பி வைத்திருக்கும் இடத்தில் கிட்டாரின் கீழ்ப்பக்கத்தை ஏற்றுவது வீண் வேலை. திருவிழாவுக்கு நான் எடுத்துப்போகும் பெட்டியில் இருப்பது 103. தனியாக உட்கார்ந்து வாசித்தால் மெலிவாகத்தான் கேட்கும், கூட்டத்துக்குள் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு வரும். ஒரு சின்ன சுவிட்ச் போட்டு 104, 103 இரண்டையும் மாற்றிக்கொள்ளும்படியும் வைக்கலாம்.

சத்தம் எவ்வளவு ஏறும்? இந்த மதிப்புகளுக்கு 20 மடங்கு, அதாவது 26 டெசிபல் அளவு. போதாது என்று 390 ஓமுக்குக் குறுக்கே 22 மைக்ரோ கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தால் 150 மடங்குக்கு மேல் போகும், ஆனால் அது பூஸ்டர் இல்லை, கரகரப்புப் பெட்டி. அதுதான் வேண்டும் என்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வால்வ் அம்பில் பூஸ்டர் போட்டால் அம்ப் இனிமையாகக் கரகரக்கும் என்பது உண்மை. நம் பக்கத்தில் வாடகைக்கு வரும் அம்ப் எல்லாம் டிரான்சிஸ்டர் வகை, அவற்றை ஒரு அளவுக்கு மேல் தள்ளினால் ஒலி உடைந்து அசிங்கமாகும். மிக்ஸரில் நேராகச் செருகுகிறவர்கள் பூஸ்டர் வொல்யூமைக் கால்வாசியில் ஆரம்பியுங்கள்.

இந்தச் சுற்றில் எனக்குப் பிடிக்காத ஒன்று, உள்தடை. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 30 கே சொச்சம்தான் வரும். கிட்டாரின் பிக்கப் பார்க்க ஆசைப்படுவது 1 மெக். 30 கே-யைப் பார்த்தவுடன் மேல்பக்க மினுக்கம் மங்கிவிடும். 103 போட்டவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. முழுச் சத்தமும் சுத்தமாக வேண்டும் என்பவர்கள் முன்னால் இன்னொரு டிரான்சிஸ்டரை எமிட்டர் ஃபொலோவராக, அதாவது சத்தத்தைக் கூட்டாமல் உள்தடையை மட்டும் ஏற்றும் விதமாக, நிறுத்துங்கள். அதன் கலெக்டர் நேராக 9 வோல்ட்டுக்கு. பேஸிலிருந்து 9 வோல்ட்டுக்கு 1 மெக், ஏர்த்துக்கு 1 மெக். எமிட்டரிலிருந்து ஏர்த்துக்கு 10 கே. கிட்டார் ஒரு 104 வழியாகப் பேஸுக்கு வரும், எமிட்டரிலிருந்து எடுத்து நம் ஏழாம் பட்டையில் கொடுத்துவிடலாம். இங்கே எமிட்டரில் 3-க்கும் 4-க்கும் இடையில் காட்டினால் சரி. உள்தடை 400 கே அளவுக்கு ஏறிவிடும், மினுக்கமும் திரும்பிவிடும்.

பெட்டி இரும்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் போட்டால் பக்கத்தில் ட்யூப்லைட் எரிந்தாலே இரைச்சல், போன் கோல் வந்தாலும் டிக் டிக் என்று கேட்கும். வயரிங் சாமான் கடையில் சுவருக்குள் பதிக்கும் சங்க் பொக்ஸ் கிடைக்குமே, மூன்றுக்கு மூன்று அங்குல இரும்புப் பெட்டி, அதில் ஆழமானதை வாங்கிக் கவிழ்த்துவிட்டால் நல்ல பெடல் பெட்டி. காலால் மிதித்தாலும் நசுங்காது. திறந்த பக்கத்துக்கு அதே கடையின் வெற்றுப் பிளேட், உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டி, அந்தத் தாள் பெட்டியின் இரும்பைத் தொடும்படி திருகுங்கள். போர்டு தாளில் படாமல் நடுவில் ஒரு மட்டையை வைத்துவிடுங்கள்.

உள்ளே வரும் ஜெக்கை ஸ்டீரியோவாக வாங்குங்கள். பேட்டரியின் மைனஸ் வயரை அதன் நடு வளையத்துக்குக் கொடுத்தால், கிட்டார் வயரைச் செருகும்போது மட்டும்தான் கரன்ட் ஓடும், தனிச் சுவிட்ச் வேண்டாம். சுற்று இழுப்பது அரை மில்லிஅம்பியர்தான். ஒரு எல்இடி லைட் வைத்து அதற்கு 4.7 கே ரெசிஸ்டர் கொடுத்தால் அது மட்டும் 1.5 மில்லிஅம்பியர் இழுக்கும், அதாவது சுற்றைவிட மூன்று மடங்கு. நான் லைட் வைப்பதில்லை. கால் சுவிட்சுக்கு ஆறு கால் உள்ள டிபிடிடி (இரண்டு இணைப்புகளை ஒரே தட்டில் மாற்றும் சுவிட்ச்) போதும். அதுவும் கிடைக்காதவர்கள் சாதாரண ஸ்லைட் சுவிட்சைப் போட்டுக் கையால் தள்ளுங்கள், முதலில் வந்த எல்பிபி-1-இலும் கால் சுவிட்ச் இல்லை.

பெட்டியை மூடுவதற்கு முன் போர்டின் அடிப்பக்கத்தை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் பழைய டூத்பிரஷும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஈயத்தோடு வரும் பசை மூடுபனியில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பேஸ் பட்டையில் ஓடுவது மைக்ரோஅம்பியர் கணக்கு என்பதால் கொஞ்சம் ஈரம் பட்டாலும் கலெக்டர் வோல்ட் ஆடும். காய்ந்த பிறகு ஈயப் பக்கத்தில் நிறமில்லாத கியூட்டெக்ஸ் ஒரு பூச்சு பூசினால் பல மழைக்காலம் தாங்கும். போன் இரைச்சல் அப்படியும் விடவில்லை என்றால் 100 பிகோ கெப்பாசிட்டர் ஒன்றை நான்காம் பட்டைக்கும் ஆறாம் பட்டைக்கும் இடையில், டிரான்சிஸ்டருக்கு ஒட்டினாற்போல் வையுங்கள்.

ஒன்றை விளையாட்டாக எடுக்க வேண்டாம். பூஸ்டர் பேட்டரியில் ஓடினாலும் கிட்டார்த் தந்தி வயர் வழியாக அம்பின் உடம்போடு சேர்ந்துதான் இருக்கிறது. லயத்துக் காம்பராவிலிருந்து வயர் இழுத்து மேடைக்குக் கரன்ட் கொடுக்கும் இடங்களில் ஏர்த் இருக்கும் என்று நம்பாதீர்கள். வாசிக்க முன் டெஸ்டரைத் தந்தியில் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் கிட்டாரைக் கீழே வையுங்கள், மைக்கிலும் வாயை வைக்காதீர்கள். ஏர்த்தும் ட்ரிப் சுவிட்சும் உள்ள இணைப்புக் கிடைக்கும்வரை வாசிப்பு இல்லை. பேட்டரிக்குப் பதில் அடாப்டர் போடுகிறவர்கள் டிரான்ஸ்போர்மர் இல்லாத மலிவுச் சுற்று எதையும் கையால் கட்ட வேண்டாம். கடைப் பெடல் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றில் நடு முனை மைனஸ், அதைப் பார்த்து வயரைக் கொடுத்து, பிளஸ் வழியில் ஒரு 1என்4007 டயோடைத் தொடராகப் போடுங்கள். அது 0.6 வோல்ட் தின்றுவிடும், அதனால் அடாப்டரில் ஓடவிட்டு பிரீசெட்டை இன்னொரு தடவை திருப்ப வேண்டும்.

வேறு பெடலும் வைத்திருக்கிறவர்கள் பூஸ்டரை டிஸ்டோர்ஷனுக்குப் பின்னால் செருகுங்கள், லீடுக்குச் சத்தம் ஏறும். முன்னால் செருகினால் சத்தம் அதே அளவில் நின்று கரகரப்பு மட்டும்தான் கூடும்.